ஸ்பெஷல் கிளாஸ் ஆட்டோ

கருப்பசாமியின் ஷேர் ஆட்டோவில், டிரைவர் சீட்டின் முதுகுப் பக்கம் ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும். ஹேண்டிலுக்குப் பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு பெட்டி. யாராவது பணம் அனுப்பினால் அந்தப் பெட்டி ஒரு பெண் குரலில் தொகையை உரக்கச் சொல்லும். ஐப்பசி மாதத்து ஒரு காலை, நெய்வேலி கியூ பாலத்துப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் புருஷன் பெண்சாதி இருவரை ஏற்றிக்கொண்டு போகையில், அந்தப் பெட்டி திடீரென்று வாய் திறந்தது.

"ஐநூறு ரூபாய் பெறப்பட்டது."

"ஏம்ப்பா, நாங்க இன்னும் குடுக்கவே இல்லியே?" என்றார் பின்னாலிருந்தவர்.

"அதானே" என்று கருப்பசாமி வாய் மூடுவதற்குள் இன்னொரு தொகை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வேகத்தடையில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் பணம் கொட்டுவது போல இருந்தது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டதும், வண்டியை மரத்தடியில் ஓரம் கட்டி அவன் எழில்மதிக்கு போன் போட்டான்.

"தலைவரம்மா, என் பொட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு. உடனே வாங்க."

எழில்மதிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மெயின் பஜாரில் மாடியில் இருக்கும் வெங்கடேஷ் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு டைப் அடிக்கிற வேலை. 'தலைவரம்மா' என்பது கருப்பசாமி வைத்த பட்டம். எதற்குத் தலைவர் என்று கேட்டால் அவனாலும் சொல்ல முடியாது, அவளாலும் சொல்ல முடியாது. அவள் நடத்தியதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, பதிவு கிடையாது. இருந்தது ஒரு ஆட்டோ. டவுன்ஷிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் ஆறு பெண்களை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் வளையமாதேவிப் பக்கத்து அவர்கள் ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆட்டோ.

நிலக்கரி மைன்ஸ் அகலமான பிறகு பழைய ரோடு இல்லை. பஸ் சுற்றிக்கொண்டு போகிறது. கடைசி பஸ் கிளம்புகிற நேரமும் ஸ்பெஷல் கிளாஸ் தொடங்குகிற நேரமும் ஒன்றாகவே இருந்தன. எழில்மதி படித்த காலத்திலும் அப்படித்தான். பிசிக்ஸ் டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்புவார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள். "மின்னோட்டம் பாய்கிற ஒரு கம்பிய காந்தப் புலத்துல கொண்டுபோய் வச்சா..." என்று டீச்சர் ஆரம்பித்தது ஒருநாள் வராந்தாவில் ஓடும்போது காதில் விழுந்தது. வச்சா என்ன ஆகும் என்பது புத்தகத்தில் இருந்தது. அவள் அதைப் படித்தாள், பரீட்சையிலும் எழுதினாள். ஆனால் டீச்சர் அந்த வாக்கியத்தை எப்படி முடித்தார், அப்போது கையை எந்தப் பக்கம் நீட்டிக் காட்டினார், பிள்ளைகள் சிரித்தார்களா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மார்க் குறைந்தது. இன்ஜினியரிங் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தது பேச்சோடு நின்றது. விருத்தாசலத்தில் பி.காம். சேர்ந்தாள்.

அப்பா ராயப்பன் மைன்ஸில் கன்வேயர் பக்கம் கான்ட்ராக்ட் கூலி. வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்தது அவள்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சான்றிதழை அம்மா மாணிக்கம்மாள் லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். இப்போது குடும்பம் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தச் சான்றிதழ் இங்கும் வந்து ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், பாதியில் எழுந்து வந்த ஒருத்திக்கு இது எதற்கு என்று எழில்மதிக்குத் தோன்றும்.

ஆடி மாதம் ஊரில் தீமிதிக்குப் போனபோது பக்கத்து வீட்டு இசைப்பிரியாவைப் பார்த்தாள். "ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்கிறியா?" என்று கேட்டாள். "எங்கக்கா, பஸ்ஸு போய்டுமே" என்றது பெண். அவ்வளவுதான். மறுநாளே பஜார் ஸ்டாண்டில் கருப்பசாமியிடம் போய்ப் பேசினாள். முதல் இரண்டு மாதம் அவள் சம்பளத்தில் ஓடியது. அப்புறம் அது போதவில்லை.

அதனால்தான் அந்த போட்டோ. நெய்வேலியில் வளர்ந்து வெளியூர் போனவர்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. அதில், பெண்கள் ஆட்டோவில் ஏறுகிற படத்தைப் போட்டு நான்கு வரி எழுதினாள். 'இந்த ஆட்டோ மாணவிகளுக்காக மட்டுமே ஓடுகிறது. உதவ விரும்புகிறவர்கள் தொடர்பு கொள்ளவும்.' கீழே தன் நம்பர். இசைப்பிரியாவின் முழங்கைக்கும் கூடப் படிக்கும் பவித்ராவின் புத்தகப் பைக்கும் நடுவில் கருப்பசாமியின் கியூஆர் அட்டை பளிச்சென்று தெரிந்ததை அவள் கவனிக்கவில்லை. படம் பார்த்தவர்கள் கவனித்தார்கள். தொடர்பு கொள்வதற்கு முன்னால் ஸ்கேன் செய்துவிட்டார்கள்.

"போலீசு வந்து கேட்டா என்னங்க சொல்றது? ஆட்டோக்காரனுக்கு அமெரிக்காவுலருந்து எதுக்கு காசுன்னு கேப்பான்ல?" என்று கருப்பசாமி போனை அவளிடம் நீட்டினான்.

"அமெரிக்கா இல்லண்ணே, அம்பத்தூரு, பெங்களூருதான்" என்று அவள் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். குழுவிலிருந்து படத்தை நீக்கிவிட்டு, தன் பெயரில் தனியாக ஒரு கணக்கு திறந்து, புதிதாக அட்டை போட்டு, வந்தது போனது எல்லாவற்றையும் மாதாமாதம் குழுவில் எழுதத் தொடங்கினாள், எல்லாம் வெங்கடேஷ் சார் சொன்னபடி. பெட்டியையும் அந்தக் கணக்கோடு சேர்க்கச் சொல்லி அடம் பிடித்தது கருப்பசாமிதான். "சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தெம்பு."

பணத்தோடு செய்திகளும் வந்தன. அவற்றில் பெண்களைப் பற்றி இருந்ததைவிட ஊரைப் பற்றி இருந்தது அதிகம். டவுன்ஷிப்பின் பதினோராவது வட்டத்தில் மூலை வீட்டு வேப்பமரம் இருக்கிறதா? லைப்ரரிக்கு எதிரே சைக்கிள் கடை? வில்லுடையான்பட்டு கோயில் பங்குனி உத்திரத்துக்கு இப்போதும் அப்படித்தான் கூட்டமா? அப்பா ரிட்டயர்டு ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு லாரியில் ஏறிப் போன பிள்ளைகள் இவர்கள். சொந்த ஊர் என்று சொல்ல இவர்களுக்கு ஒரு சாவி கூடக் கிடையாது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றி, கேட்ட மரத்தையும் கேட்ட தெருவையும் படம் எடுத்து அனுப்பினாள். ரசீது கொடுக்கத் தகுதியில்லாத அமைப்பு அவளுடையது. ரசீதுக்குப் பதில் இது என்று வைத்துக்கொண்டாள்.

ஹரி அப்படித்தான் வந்தார். டொரன்டோவில் இருந்தார். பத்தொன்பதாவது வட்டத்தில் அவர்கள் இருந்த வீட்டு நம்பரைச் சொல்லி, பின்பக்கத்துப் பலா மரம் மட்டும் போதும் என்றார்.

அந்த வீடு காலியாக இருந்தது. முன்னால் புல் முட்டி உயரம். எழில்மதி கேட்டில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சின்ன வயதில் பொங்கலுக்கு முன்னால் அம்மா வெள்ளையடிக்க வருகிற வீடுகள் இந்த வரிசையில்தான் இருந்தன. அம்மா உள்ளே போவாள். எழில்மதி கேட்டுக்கு வெளியே, சைக்கிளைப் பார்த்துக்கொள் என்ற சாக்கில் நிறுத்தப்படுவாள். இப்போது யாருமில்லை. கொக்கியை நீக்கி உள்ளே போனாள். பலா மரத்தின் அடித்தூரில் காய் பிடித்திருந்தது. துணி துவைக்கிற கல், ஜன்னல் கம்பியில் யாரோ கட்டிவிட்டுப் போன சிவப்புக் கயிறு, சமையலறைச் சுவரில் புகை. பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒருவருக்கு இது இழந்த வீடு. தனக்கு இது என்ன? இல்லாததற்காகவும் இப்படி ஏங்க முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு வீடியோ எடுத்தாள்.

அன்று சாயங்காலமே ஹரி பேசினார்.

"அந்தக் கல்லு மேல உக்காந்துதாங்க எங்கம்மா எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாங்க. நீங்க எந்த வட்டம்?"

"நான் டவுன்ஷிப் இல்லீங்க சார். வெளிய."

"சார் எல்லாம் வேணாம், அண்ணான்னு கூப்பிடுங்க. பப்ளிக் எக்ஸாம் வரைக்கும் ஆட்டோ செலவு என்னோடது. அடுத்த வருஷமும்தான். ஏன், ஒரு வேனே வாங்கிடலாமே? இங்கருந்து அனுப்பறதுக்கு பேங்க் அக்கவுண்டு நம்பரும் ஸ்விஃப்ட் கோடும் குடுங்க."

அது பொங்கல் கழிந்த சமயம். பெட்டியின் குரல் தேய்ந்துபோயிருந்தது. முதலில் கிளர்ந்த ஈரம் காய்ந்து, மாதத்துக்கு ஓரிருவர்தான் அனுப்பினார்கள். சாயங்காலம்தான் பஜாரில் சவாரி அடிக்கிற நேரம், அதை விட்டுவிட்டு வருகிறேன், இந்த மாசத்தோடு முடியாது போலிருக்கிறது என்று கருப்பசாமி தலையைச் சொறிந்திருந்தான். பரீட்சைக்கு முன்னால் ஆட்டோ நின்றால் ஆறு பெண்களும் மறுபடி முதல் வாக்கியத்தில் எழுந்து ஓட வேண்டும். இந்த நேரத்தில் ஹரியின் குரல் தெய்வம் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் ஸ்விஃப்ட் கோடு பற்றி வெங்கடேஷ் சாரிடம் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெளிநாட்டுப் பணமா? அவர் பாஸ்போர்ட் எந்த நாடும்மா?"

"நெய்வேலிக்காரரு சார். பத்தொன்பதாவது வட்டம்."

"வட்டத்த கேக்கல. பாஸ்போர்ட்ட கேக்கறேன். இந்தியப் பாஸ்போர்ட்டா இருந்தா எங்க இருந்தாலும் நம்ம ஆளு, அவர் குடுக்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டாருன்னா சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதுக்குத் தனி அனுமதி வேணும். நீ இன்னும் டிரஸ்டே பதிவு பண்ணல. பண்ணினாலும் அந்த அனுமதி லேசுல வராது, வருஷக்கணக்குல வேலை செஞ்சு காட்டணும். தொட்டுடாத."

பாஸ்போர்ட் எந்த நாடு என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது? இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் ஹரியே, "என்ன, கோடு வரலியே?" என்றபோது கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நாலு வருஷம் முன்னாடி கனடா சிட்டிசன் ஆயிட்டேன். பிள்ளைங்களுக்காக. ஏன்?"

சொன்னாள்.

"அப்ப நான் வெளிநாட்டுக்காரனா, எழில்?"

பலா மரத்தைக் காட்டியவளே இதையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு குழந்தை இங்கிலீஷில் ஏதோ கேட்டது. அவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "என் மச்சான் சென்னையிலதான் இருக்கான். அவன் அக்கவுண்டுக்கு நான் போட்டுடறேன், அவன் உங்களுக்குப் போடட்டும். முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போவுது?"

ஒருநாள் டைம் கேட்டாள். அவளுக்கு ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மச்சான் வழியைச் சொன்னபோது வெங்கடேஷ் சார், "பாஸ்போர்ட்ட நீ கேக்காம இருந்திருந்தா உனக்குத் தெரியாது. இப்ப தெரியும். அவ்ளோதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு அவர் ஃபைலைப் பார்க்கத் தொடங்கினார். நேர்மையா, ஆறு பெண்களா என்று மனம் தராசு பிடித்தது. பயப்படுவதைத்தான் நேர்மை என்று சொல்லிக்கொள்கிறோமோ என்றும் ஒரு சந்தேகம்.

அன்று சாயங்காலம் அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஆட்டோ நிற்கப்போகிறது என்பதைப் பெண்களிடம் நேரில் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் ஏறினாள். சொல்ல முடியவில்லை. பவித்ரா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஒருத்தி டீச்சர் மாதிரியே தும்மிக் காட்டினாள். நெடுக யூகலிப்டஸ் வாசனை, அப்புறம் சாம்பல் வாசனை, அப்புறம் ஊர். ஒவ்வொருத்தியாக இறங்கி, "வரன்க்கா, வரன்க்கா" என்று போனார்கள்.

கருப்பசாமி வண்டியைத் திருப்பினான். இந்தத் திரும்புகிற பயணத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. ஊர் எல்லையில், இருட்டத் தொடங்கிய ரோட்டோரமாக ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். கையில் டார்ச், இடுப்பில் சாப்பாட்டுக் கூடை. டவுன்ஷிப்பில் ராத்திரி டூட்டி பார்க்கிற துப்புரவுப் பெண்கள். மெயின் ரோடு வரை நடந்து அங்கே பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டோவைப் பார்த்ததும் முதலில் வந்தவள் கையை நீட்டினாள். பின்னாலிருந்தவள், "அத ஏன்டி கை காட்டற, அது நிக்காது. அது படிச்ச வண்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோ தாண்டிப் போனது.

"ஏண்ணே நிறுத்தல?"

"நீங்கதான சொன்னீங்க, பொண்ணுங்கள தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாதுன்னு? ஃபேஸ்புக்குல வேற எழுதியிருக்கீங்களே. டெய்லி கை காட்டிகினுதான் இருக்காங்க. நானும் காலியாத்தான் போய்கினு இருக்கேன்."

அவள் எழுதியதுதான். மாணவிகளுக்காக மட்டுமே. அந்த 'மட்டுமே' இல்லாவிட்டால் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது. தர்மம் என்றால் சுத்தமாக, தனியாக, வேறொன்றும் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று எங்கே படித்தாள்? யாருக்குக் காட்ட?

"திருப்புண்ணே."

"என்னாது?"

"வண்டிய திருப்புங்கண்ணே."

கை காட்டியவள் பவித்ராவின் அம்மா ராஜாம்பாள். நிலம் இருந்த காலத்தில் நாற்று நட ஆள் வைத்தவள், இப்போது வராந்தா கூட்டப் போகிறவள். உள்ளே ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "மெயின் ரோட்டுல எறக்கி வுட்டுறாத, டூட்டி எடத்துக்கே போவட்டும். பஸ்ஸுக்குக் குடுக்கறத ஒனக்குக் குடுக்கறம். என்னாப்பா?" என்றாள் கருப்பசாமியிடம். அவன் கண்ணாடியில் எழில்மதியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். மறுபடி ஒருமுறை தலையாட்டினாள், தனக்காக.

ஹரிக்கு மறுநாள் சொன்னாள். மச்சான் வழியாக வேண்டாம் அண்ணா என்றாள். திரும்புகிற வண்டியில் டூட்டிக்குப் போகிற அம்மாக்கள் ஏறுகிறார்கள், செலவில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும், மீதியை இங்கே இருப்பவர்கள் கொடுப்பதில் சமாளிப்போம் என்று குழுவில் எழுதியதையும் சொன்னாள். குழுவில் ஒருவர், 'தர்ம வண்டியில் வசூலா?' என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி மட்டும் அன்று இருமுறை பேசியது.

ஹரி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"பணம் குடுக்கக் கூடாது, சரி. பாக்கலாமா?"

"என்னாது?"

"அந்த ஆட்டோவுல வரணும். வீடியோவுல. உங்களுக்கு சாயங்காலம்னா எனக்கு காலைலதான்."

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர் வந்தார். இசைப்பிரியா போனை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஆறு பேரும் வாய்க்குள் சிரித்தார்கள். கொஞ்ச தூரத்தில் தைரியம் வந்துவிட்டது.

"அங்கிள், அங்க பனி பெய்யுதா? காட்டுங்க அங்கிள்."

அவர் ஜன்னலைக் காட்டினார். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. "இத பாத்து என்ன பண்ணப் போறீங்க? ரோட்ட காட்டுங்கம்மா" என்றார்.

"அண்ணே, பத்தொன்பதாவது வட்டம் வழியா ஒரு சுத்து போலாமா?" என்று எழில்மதி மெதுவாகக் கேட்டாள்.

"டீசல் யாரு குடுப்பா? அவர்கிட்டயும் வாங்கக் கூடாதுன்ட்டீங்க" என்று முறைத்துவிட்டு, கருப்பசாமி ஹேண்டிலை அந்தப் பக்கமே ஒடித்தான்.

அந்தத் தெருவுக்குப் போவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. வீட்டு முன்னால் விளக்குக் கம்பம் எரியவில்லை. போனில் கருப்பைத் தவிர ஒன்றும் தெரியாது என்று எழில்மதிக்குப் புரிந்தது. "அண்ணா, ஒண்ணும் தெரியல இல்ல?" என்றாள்.

"இஞ்சின ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்றார்.

ஆஃப் செய்தான். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பலா இலை ஒன்று தகர ஷீட்டின் மேல் விழுந்து சறுக்கிய சத்தம். தூரத்தில் எங்கேயோ குக்கர் விசில். வெகு தூரத்தில், ராவும் பகலும் நிற்காத மைன்ஸின் உறுமல், காதில் விழுகிறதா மண்ணுக்குள்ளிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாதபடி. போனிலிருந்து பேச்சு இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று இசைப்பிரியா திருப்பிப் பார்த்தாள். போகவில்லை. அவர் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் சட்டென்று போனை மறுபடி வெளியே திருப்பிக்கொண்டாள்.

"போதும்மா. போலாம். உங்களுக்கு நேரமாவுது" என்றது இருட்டிலிருந்து குரல்.

வண்டி கிளம்பியது. அவர் இணைப்பை விட்டுப் போய்விட்டார். எழில்மதி இசைப்பிரியாவிடம் போனை வாங்கிக்கொண்டு, ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "இன்னிக்கி பிசிக்ஸ்ல என்னா நடத்துனாங்க?" என்று கேட்டாள்.

"ரிவிஷன்க்கா. மின்னோட்டம் பாயற கம்பி, காந்தப் புலம், அதான்."

"டீச்சர் எப்படிச் சொன்னாங்க?"

"எப்படின்னா? புக்குல இருக்கறதுதான்க்கா."

"இல்ல. நீ சொல்லு. அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

இசைப்பிரியா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி, மூன்று விரல்களை மூன்று பக்கமாக விரித்து, டீச்சர் குரலில் ஆரம்பித்தாள். பவித்ரா நடுவில் புகுந்து தும்மினாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஏய், சும்மா இருங்கடி, அக்கா கேக்கறாங்க" என்று அதட்டிவிட்டு இசைப்பிரியா வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எழில்மதி அது முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் எல்லையில் டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. நடக்கவில்லை. ஒரே இடத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தன.